தமிழ் புரிகிறது, பதில் மட்டும் ஆங்கிலத்தில்: ஜனவரியில் தொடக்கநிலை 1 போகும் மகனுக்கு என்ன செய்யலாம்?

செங்காங்_அம்மா கேட்டது

வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது, கே 2 (பாலர் பள்ளியின் இரண்டாம் ஆண்டு) படிக்கிறான். வரும் ஜனவரியில் தொடக்கநிலை 1, அதாவது முதல் வகுப்பு. நாங்கள் தமிழில் சொன்னால் எல்லாம் புரிகிறது. "ஷூவ எடுத்து உள்ள வை" என்றால் உடனே எடுத்து வைப்பான். வாயைத் திறந்தால் மட்டும் ஆங்கிலம். கட்டாயப்படுத்தினால் "நான் பிடிக்கல", "நான் பசிக்குது" என்று வருகிறது. அதைத் திருத்தினால் அதற்குமேல் பேச்சே இல்லை.

எங்கள் வீட்டு நிலவரம்: இருவருக்கும் முழுநேர வேலை. காலை ஏழரை முதல் மாலை ஆறரை வரை அவன் பாலர் பராமரிப்பு நிலையத்தில். அழைத்து வரும் பணிப்பெண் இந்தோனீசியர், பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். நாங்கள் வீடு சேர ஏழேகால் ஆகும், ஒன்பதுக்குத் தூக்கம். மூன்று வயதில் மகள் இருக்கிறாள், அண்ணனைப் பார்த்து அவளும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறாள். மாமியார் தஞ்சாவூரில்.

முதலில் பேச்சா, எழுத்தா? தப்பாகப் பேசினால் திருத்தலாமா? இப்போதே துணைப்பாட வகுப்பில் சேர்க்க வேண்டுமா? "வீட்டில் தமிழ் பேசுங்கள், தானாக வந்துவிடும்" என்று பலர் சொல்லிவிட்டார்கள். எப்படிப் பேசுவது, எவ்வளவு நேரம், எதை முதலில் தொடங்குவது என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பாலர்வகுப்பு

சகோதரி, முதலில் பேச்சு. அதிலும் நீங்கள் பாதி வழி வந்துவிட்டீர்கள். கேட்டுப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்குச் சொற்கள் உள்ளே இருக்கின்றன. வெளியே எடுக்க அவனுக்கு இதுவரை அவசியம் வரவில்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கேட்டாலும் தண்ணீர் வருகிறது, பொம்மை வருகிறது, பதில் வருகிறது.

முதலில் ஒரு மாலை மட்டும் உங்களையே கவனித்துப் பாருங்கள். வீட்டில் எது எது தமிழில் நடக்கிறது? பல வீடுகளில் தமிழ் என்றால் வா, குளி, சாப்பிடு, படு, கத்தாதே. விளையாட்டு, பாராட்டு, கதை, கொஞ்சல் எல்லாம் ஆங்கிலம். அப்படி இருந்தால் தமிழ் என்பது வேலை ஏவும் மொழி என்றுதான் பிள்ளை மனசில் பதியும். ஏவலுக்குக் கீழ்ப்படிய வாய் தேவையில்லை, கைகால் போதும். அதனால்தான் ஷூவை எடுத்து வைக்கிறான், பேசமாட்டேன் என்கிறான். முதல் மாற்றம் இங்கேதான் வேண்டும்: ஒரு விளையாட்டையாவது முழுக்கத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். பரமபதம் நல்லது. தாயம் உருட்டுவது, எண்ணுவது, "ஏறு", "எறங்கு", "இப்ப யாரு?", "பாம்பு கடிச்சிருச்சு" என்று பதினைந்து இருபது சொற்களே திரும்பத் திரும்ப வரும். பிள்ளைக்குப் பேச்சு வருவதே இப்படித் திரும்ப வரும் சொற்களால்தான்.

அடுத்தது கேள்வி கேட்கும் விதம். "இன்னிக்கு ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்றால் உங்களுக்கு "ஓகே"தான் கிடைக்கும். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேளுங்கள். "மத்தியானம் சோறு சாப்ட்டியா, மீ சாப்ட்டியா?" (மீ என்றால் நூடுல்ஸ்.) அவன் "மீ சாப்ட்டேன்" என்றால் போதும், வெறும் "மீ" என்றாலும் போதும். இரண்டு மூன்று வாரத்தில் அது எளிதாகிவிடும். பிறகு "யாரு பக்கத்துல உக்காந்த?" என்று பெயரோ ஒரு சொல்லோ வரும் கேள்வி. அதற்கும் பிறகு பாதி வாக்கியத்தைச் சொல்லி நிறுத்துவது: "மொதல்ல கை கழுவிட்டு, அப்புறம்...?" கடைசியாகத்தான் "ஏன்", "எப்படி". ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல "அதனால", "அப்புறம்", "ஏன்னா" மூன்றும் கைவசம் இருக்க வேண்டும். அவை வருவதற்குள் கேட்டால் பிள்ளை ஆங்கிலத்துக்கு ஓடிவிடும்.

கேட்டதும் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு நொடியில் பொறுமை இழந்து ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டுவிடுகிறார்கள். காத்திருந்தால் சொல் வரும் என்று பிள்ளைக்கும் தெரிந்துவிட்டால், அவனே தேட ஆரம்பிப்பான்.

அவன் ஆங்கிலத்தில் "காரட் வேண்டாம்" என்று சொன்னால், "தமிழ்ல சொல்லு" என்காதீர்கள். "காரட் வேணாமா? சரி, காரட் வேணாம். பீன்ஸ் வேணுமா?" என்று நீங்களே தமிழில் சொல்லிப் பேச்சைத் தொடருங்கள். அவனுக்குத் தேவையான வாக்கியம் அவனுக்குத் தேவைப்பட்ட நொடியிலேயே இரண்டு முறை காதில் விழுகிறது. திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டாம். நாளைக்கே பலன் தெரியாது. அதே சூழலில் இருபது முப்பது தடவை விழுந்தபின் ஒருநாள் "காரட் வேணாம்" என்று தானாக வரும். "அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியல" என்று நடிப்பதும் வேண்டாம். உங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், கேட்காததுபோல் இருக்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வான்.

"நான் பிடிக்கல" பற்றி. இது கவனக்குறைவு இல்லை, ஆங்கில வாக்கியத்தின் சட்டகம். ஆங்கிலத்தில் விரும்புகிறவர் முன்னால் நிற்கிறார், அதனால் "நான்" என்று தொடங்குகிறான். தமிழில் பசியும் பிடித்தமும் நம்மிடம் வந்து சேர்கின்றன, அதனால் "எனக்கு". இந்த வகையில் அன்றாடம் வேண்டியவை ஏறக்குறைய பத்துதான்: பிடிக்கும், பசிக்குது, தாகமா இருக்கு, தூக்கம் வருது, வலிக்குது, குளிருது, வேணும், வேணாம், தெரியும், புரியுது. சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு "எனக்கு" சொல்லுங்கள். அப்பா முதலில், அம்மா அடுத்து, பிறகு அவன், தங்கையும் சேரட்டும். மூன்று நிமிடம்கூட ஆகாது. இரண்டு வாரம் இது மட்டும். அந்த நாட்களில் வேறு எந்தத் தப்பையும் தொடாதீர்கள். ஒரே வாக்கியத்தில் மூன்று தப்பைத் திருத்தினால் பிள்ளைக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டால் பாதுகாப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உறவினர் வரும்போது "மாமாகிட்ட தமிழ்ல பேசிக் காட்டு" என்று நிறுத்திவைப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். பல மாதம் சேர்த்த தைரியம் அந்த ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

---

கரும்பலகை

பேச்சைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. நான் எழுத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

தொடக்கநிலை 1-இல் எழுத்தை முதலிலிருந்து கற்பிப்பார்கள். ஆகவே பதற்றம் வேண்டாம். தொடக்கநிலை 1, 2 இரண்டிலும் 2019 முதல் தேர்வு இல்லை, மதிப்பெண்ணோடு சேர்த்துக் கணக்கிடும் சோதனையும் இல்லை. மதிப்பெண் பயமில்லாமல் எழுத்தைப் பழக இரண்டு ஆண்டு கிடைக்கிறது. பிள்ளைக்கு முதல் நாள் அச்சம் இல்லாமல் இருக்க இப்போதே கொஞ்சம் தொடங்கலாம். ஆனால் கடையில் பயிற்சிப் புத்தகம் வாங்கி, உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்தையும் வரிசையாக எழுதவைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. "க கா கி கீ" என்று பாட்டாக ஒப்பிப்பான். "கீ" மட்டும் தனியே காட்டினால் தெரியாது, வரிசையின் தொடக்கத்திலிருந்து விரல்விட்டுச் சொல்லி வருவான். அது மனப்பாடம், வாசிப்பு அன்று.

வடிவம் எளிதாகவும் உடனே சொல்லாகச் சேரக்கூடியதாகவும் இருக்கும் எழுத்துகளில் தொடங்குங்கள். முதலில் ட, ப, ம மூன்று மட்டும். கூடவே புள்ளி. புள்ளியைத் தள்ளிப்போட வேண்டாம், அது இல்லாமல் "படம்" இல்லை. முதல் வாரமே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்களைப் படித்துவிடுவான். தன்னால் படிக்க முடிகிறது என்ற அந்த மகிழ்ச்சியை எந்தப் பரிசும் தராது. அடுத்து க, ல, த: கல், பல், கடல், பகல், தடம். அதற்கடுத்து ர, ந, வ, ய, ச: மரம், நகம், வயல், பயம், சக்கரம். பிறகு ண, ன, ள, ழ, ற: பணம், மணல், பழம், பள்ளம். ங, ஞ இரண்டும் தங்கம், மஞ்சள் போன்ற சொற்களில் வரும்போது தெரிந்தால் போதும். வாரத்துக்கு மூன்று எழுத்து, ஆறு வாரம்.

அதன்பின் குறிகள், வாரத்துக்கு ஒன்று. குழந்தைகள் எங்கே தடுக்குகிறார்கள், ஏன் என்பதைச் சொல்கிறேன். முதலாவது, துணைக்கால் (ா) பார்ப்பதற்கு "ர" போலவே இருக்கிறது. "கால்" என்பதை "கரல்" என்று வாசிப்பது மிகச் சாதாரணம். அம்மா, அப்பா, தாத்தா, மாமா என்று நன்றாகத் தெரிந்த சொற்களில் அதைக் காட்டினால் சொல்லே பிள்ளையைத் திருத்திவிடும். இரண்டாவது, உகரம். கு, டு, து, பு நான்கிலும் குறி நான்கு விதமாக இருக்கிறது. இதற்கு விதி சொல்லிக் குழப்ப வேண்டாம். ஆடு, மாடு, படகு, பாட்டு, புறா என்று சொல்லோடு சேர்த்தே பழக்குங்கள், இரண்டு வாரம் கொடுங்கள். மூன்றாவதுதான் மிகக் கடினம். ெ, ே, ை ஆகிய குறிகள் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கின்றன, ஒலியோ எழுத்துக்குப் பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிய பிள்ளை குறியைப் பார்த்ததும் நின்றுவிடும். குறியைக் கட்டைவிரலால் மறையுங்கள். "க" என்று சொல்லட்டும். விரலை எடுங்கள், "கெ" என்று சொல்லட்டும். ொ, ோ இரண்டும் இருபக்கமும் நிற்பதால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஔகாரம் இப்போது வேண்டவே வேண்டாம்.

இன்னொரு தடை ஒலியில். கடல், பக்கம், தங்கம், பகல் நான்கிலும் ஒரே "க". ஒலி மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒலி கற்ற பிள்ளை ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்தைத் தேடுவான். இலக்கணம் விளக்க வேண்டாம். தெரிந்த சொல்லாக இருந்தால் நாக்கே சரியான ஒலியைப் போட்டுக்கொள்ளும். பேச்சு முந்த வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்: காதுக்குத் தெரியாத சொல்லைக் கண் சரியாக வாசிக்காது.

நாளுக்குப் பத்து நிமிடம், ஒரே நேரம். எழுதுவது அடையாளம் கண்டபின். வாசிக்கத் தெரியாத எழுத்தை இருபது முறை எழுதவைப்பதால் பயன் இல்லை.

பேச்சுத் தமிழ் பற்றிப் பெற்றோருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. வீட்டில் "வந்துச்சு" என்று பேசினால் பள்ளியில் "வந்தது" வராதோ என்று. தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005-இல் நல்ல பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அன்றிலிருந்து பேச்சுப் பயிற்சியில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் இருக்கிறது. ஆகவே வீட்டில் இயல்பாகப் பேசுங்கள். புத்தகத்தை வாசிக்கும்போது எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோலவே வாசியுங்கள். வாசித்து முடித்தபின் அதே பக்கத்தைப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். "நாய் ஓடியது" என்று வாசித்துவிட்டு "பாரேன், நாய் ஓடுது, எங்க ஓடுது?" என்று கேளுங்கள். இரண்டும் ஒரே மொழியின் இரண்டு உடைகள் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு விளக்கம் இல்லாமலே புரிந்துவிடும்.

மிகத் தொலைவில் இருக்கும் ஒன்றையும் சொல்கிறேன், பயமுறுத்த அன்று. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தற்போதைய தமிழ்த்தாளில் மொத்தம் 200 மதிப்பெண். அதில் வாய்மொழிக்கு 50, கேட்டல் கருத்தறிதலுக்கு 20. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காதையும் வாயையும் சார்ந்தது. இன்று பரமபதம் ஆடிக்கொண்டு நீங்கள் செய்வது அந்தப் பங்குக்கான வேலைதான்.

---

ஈசூன்_அப்பா

முறை எல்லாம் மேலே வந்துவிட்டது. நேரத்தை எங்கே எடுப்பது என்பதை மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அங்கேதான் எல்லாம் நின்றுவிடுகிறது.

ஏழேகால் முதல் ஒன்பது வரை ஒன்றேமுக்கால் மணி நேரம். அதில் "தமிழ் நேரம்" என்று அரை மணி ஒதுக்கினால் இரண்டாவது வாரமே விட்டுப்போகும். தனியாக நேரம் ஒதுக்காமல், ஏற்கெனவே நடக்கும் காரியத்தோடு கட்டுங்கள். இரவு உணவு முழுக்கத் தமிழ். குளியல் முழுக்கத் தமிழ். காலையில் வீட்டுக் கதவிலிருந்து நிலையத்தின் வாசல் வரை தமிழ். இந்த மூன்றும் சேர்ந்தாலே ஒரு மணி நேரத்துக்கு அருகில் வரும். குளியலறை ரொம்ப நல்ல இடம். திரை கிடையாது, ஓட முடியாது, சொற்கள் கண்ணெதிரே இருக்கின்றன: சோப்பு வழுக்குது, தண்ணி சுடுது, கண்ணுல பட்டுருச்சு, தலைய தொவட்டு.

பாட்டியோடு வீடியோ அழைப்பு: இங்கே இரவு ஏழரை என்றால் தஞ்சாவூரில் மாலை ஐந்து. இரண்டரை மணி நேர வித்தியாசம், பாட்டிக்கும் வசதியான வேளை. ஆனால் "சாப்ட்டியா, என்ன சாப்ட்ட, சமத்தா இரு" என்பதோடு அழைப்பு முடிந்துவிடக் கூடாது. பிள்ளை கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும். வரைந்த படம், கட்டிய லெகோ, விழுந்த பல், எதுவானாலும் சரி. பாட்டிக்கும் ஒரு குறிப்பு அனுப்புங்கள்: "இது என்ன நிறம்", "இது எப்படி ஓடும்", "எனக்கு ஒண்ணு செஞ்சு தர்றியா" என்று கேட்கச் சொல்லுங்கள். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாதது பெரிய வரம். அவனுக்கு உண்மையான அவசியம் வரும் ஒரே இடம் அது. அதில் நீங்கள் குறுக்கே போய் மொழிபெயர்க்காதீர்கள். வாரத்துக்கு மூன்று முறை, பத்து நிமிடம்.

நூலகம்: தேசிய நூலக வாரியத்தின் கிளைகள் எல்லாவற்றிலும் தமிழ்ப் பிள்ளை நூல்கள் ஒரே அளவில் இருக்காது. போகுமுன் வாரியத்தின் கைப்பேசிச் செயலியில் தேடிப் பாருங்கள், எந்தக் கிளையில் இருக்கிறது என்று காட்டும். இரவல் காலம் 21 நாள். ஒரு தடவைக்கு ஆறு புத்தகம் போதும். மூன்று வாரமும் அந்த ஆறையே சுற்றிச் சுற்றிப் படியுங்கள். இருபது எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு முறை புரட்டுவதில் பேச்சு வளராது. நான்காம் முறை படிக்கும்போதுதான் பிள்ளை அடுத்த வரியை முந்திக்கொண்டு சொல்லும். வீட்டிலிருந்தே வேண்டுமானால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். அதில் முதல் நிலை என்று போட்டிருப்பதை எடுங்கள். இந்தியாவில் எழுதப்பட்ட கதைகளில் நம் பிள்ளை பார்க்காத பொருள் வரும். ஏர், களம், உரல் வந்தால் படத்தைக் காட்டி ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டுங்கள்.

எழுத்துக்கு வீட்டுக்கு வெளியேயும் பாடம் கிடைக்கிறது. சிங்கப்பூர் நாணயத்தில் "சிங்கப்பூர்" என்று தமிழில் இருக்கிறது. உண்டியலில் போடும் முன் தேடச் சொல்லுங்கள். கட்டுமான இடத்து வேலிகளில் "அபாயம்" என்றிருக்கும், பெருவிரைவு ரயில் நிலையங்களில் தமிழ்ப் பலகைகள் உண்டு. தேக்கா சந்தைக்குப் போனால் மூன்று பொருளை அவனே கேட்டு வாங்கட்டும்: "கத்திரிக்கா அரை கிலோ கொடுங்க", "கறிவேப்பிலை கொடுங்க", "எவ்வளவுங்க?" வீட்டிலேயே இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டுப் போங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் போனால் கடைக்காரரும் நின்று பதில் சொல்வார்.

திரை: தமிழ்க் கார்ட்டூன் போட்டுவிட்டால் தமிழ் வந்துவிடும் என்று நம்பவேண்டாம். பார்ப்பது கேட்கும் திறனுக்கு உதவும், பேசவைக்காது. ஏனென்றால் பெட்டி பதிலுக்குக் காத்திருக்காது. இந்த வயதுக்குப் பள்ளி நேரம் போக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்று சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதற்குள் பதினைந்து நிமிடம் தமிழ், கூட உட்கார்ந்து, இடையில் நிறுத்தி "இப்ப என்ன ஆகும்?" என்று கேட்க முடிந்தால் பலன் உண்டு.

---

செங்காங்_அம்மா

எல்லாருக்கும் மிக்க நன்றி. "ஏவலுக்கு மட்டும் தமிழ்" என்பது அப்படியே எங்கள் வீடு. இன்னும் சில கேள்விகள். லிஃப்ட், ஃப்ரிட்ஜ், பஸ் என்றுதான் நாங்கள் பேசுகிறோம். மின்தூக்கி, குளிர்சாதனப் பெட்டி, பேருந்து என்று மாற்ற வேண்டுமா? மழை என்பதை "மலை" என்கிறான், திருத்தலாமா? அதோடு துணைப்பாட வகுப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே.

---

பாலர்வகுப்பு

மாற்ற வேண்டாம். "லிஃப்ட் வந்துருச்சு, உள்ள போ" என்பது தமிழ் வாக்கியம்தான். வினை தமிழ், அடுக்கு தமிழ், ஒரு பெயர்ச்சொல் மட்டும் வெளியிலிருந்து வந்தது. பேசவே தயங்கும் பிள்ளையிடம் ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி மாற்றினால் வாக்கியமே வராது. நான் பயப்படுவது எதிர்ப்பக்கத்தில். பெயரெல்லாம் தமிழாக இருந்து வினை ஆங்கிலமாகிவிட்டால் மொழியின் முதுகெலும்பு போகிறது. "ஓபன் பண்ணு, குளோஸ் பண்ணு, வாஷ் பண்ணு, வெயிட் பண்ணு" என்று நம்மையறியாமல் பேசுகிறோம். பிள்ளைக்குத் திற, மூடு, கழுவு, இரு என்ற சொற்களே காதில் விழுவதில்லை. அதை மாற்றுங்கள். இந்த மாதம் "பண்ணு" போட்டுப் பேசும் வினைகளில் பத்தை எடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிவைத்து, பெரியவர்கள் திருந்தினால் போதும்.

---

கரும்பலகை

வினையைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. பெயர்ச்சொல்லில் மட்டும் எனக்குச் சிறு வேறுபாடு. மின்தூக்கி, பேருந்து, விளையாட்டு மைதானம், உணவங்காடி நிலையம் போன்ற சொற்கள் பாடநூலிலும் வானொலிச் செய்தியிலும் பலகையிலும் வருபவை. காதில் ஒருமுறையும் விழாமல் வகுப்பில் முதன்முறை சந்தித்தால் பிள்ளைக்கு அது வேற்றுமொழியாகிவிடும். ஆகவே திருத்தமாக வேண்டாம், இணையாகச் சொல்லுங்கள். மின்தூக்கிக்காகக் காத்து நிற்கும் அரை நிமிடத்தில் "மின்தூக்கி எந்த மாடியில இருக்கு பாரு" என்று நீங்கள் சொல்லலாம். அவன் "லிஃப்ட்" என்றே பதில் சொன்னாலும் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு சொல் போதும்.

ழகரம்: ஆறு வயதில் பலருக்கு வராது, கவலை வேண்டாம். ல, ள, ழ மூன்றும் நாக்கின் நிலையில் வேறுபடுகின்றன. ல: நாக்கு நுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ள: நுனி பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ழ: அதேபோல் வளையும், ஆனால் தொடாது, காற்று வழிந்து வெளியேறும். கண்ணாடி முன் நின்று நீங்கள் செய்து காட்டுங்கள். முதலில் ல, ள வேறுபாட்டைக் காது பிரிக்கட்டும். புலி, புளி இரண்டின் படத்தையும் வைத்து நீங்கள் சொல்ல, அவன் சரியான படத்தைத் தொட வேண்டும். பத்தில் எட்டு சரியாகத் தொட்டபின் அவன் சொல்ல, நீங்கள் தொடுங்கள். அதன்பின் மலை, மழை. காது பிரிக்காத ஒலியை வாயால் சொல்லவைப்பது வீண் முயற்சி. பேச்சின் நடுவே நிறுத்தித் திருத்தாதீர்கள், "ஆமா, மழை பெய்யுது, குடைய எடு" என்று சொல்லிவிட்டு நடங்கள்.

---

துணைப்பாட_ஆசிரியை

இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்: இப்போது வேண்டாம். கணக்குப் பாருங்கள். ஒன்றரை மணி நேர வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் இருந்தால், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது பதினொரு நிமிடம். உண்மையில் மூன்று நான்கு நிமிடம் பேசினாலே பெரிது. சாப்பாட்டு மேசையில் தினமும் பதினைந்து நிமிடம் என்றால் வாரத்துக்கு 105 நிமிடம். உங்கள் மகனுக்குக் குறைவாக இருப்பது பேசும் வாய்ப்பு, பாடம் அன்று.

மேலே சொன்ன பழக்கங்களோடு தொடக்கநிலை 1 போகட்டும். பள்ளி தொடங்கி இரண்டு மாதம் கழித்து வகுப்பு ஆசிரியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கை தூக்குகிறானா, ஆசிரியர் சொல்லும் கட்டளை புரிகிறதா, தெரியாத சொல்லை எழுத்துக்கூட்டி வாசிக்க முயல்கிறானா. மூன்றாவதில் மட்டும் சிக்கல் என்றால் வீட்டிலேயே தீர்க்கலாம். முதல் இரண்டிலும் சிக்கல் என்றால் வகுப்பு தேடலாம். அப்போது மாதிரி வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். முதல் பதினைந்து நிமிடத்தில் பிள்ளைகள் குனிந்து தாளில் எழுதிக்கொண்டே இருந்தால் அந்த வகுப்பு உங்கள் மகனுக்கு ஏற்றதல்ல. நான்கு பேருக்கு மிகாத குழு, கதை சொல்லல், நடிப்பு, படம் பார்த்துப் பேசுதல் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

மகளை மறந்துவிடாதீர்கள். இரண்டு பிள்ளைகளும் தங்களுக்குள் எந்த மொழியில் பேசுவது என்று இந்த ஆண்டில்தான் முடிவாகும். அண்ணன் பள்ளி போய்விட்டால் அதை மாற்றுவது கடினம். அவளுக்குப் படக்கதை சொல்லும் வேலையை அவனிடம் கொடுங்கள். நீங்கள் நான்கு முறை படித்த புத்தகமாக இருக்க வேண்டும், அப்போதுதான் வாக்கியம் அவன் வாயில் தயாராக இருக்கும். திருத்துவதற்குப் பெரியவர் யாரும் பக்கத்தில் உட்கார வேண்டாம். அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருங்கள். அவள் "அப்புறம்?" என்று கேட்பாள், அவன் தமிழில் பதில் தேடுவான்.

---

செங்காங்_அம்மா

இன்றிரவு "எனக்கு" சுற்றிலிருந்து தொடங்குகிறோம். "பண்ணு" பட்டியலைக் கணவர் எழுதி ஒட்டிவிட்டார், பதினேழு வந்திருக்கிறது. ட, ப, ம அட்டை நாளை. மாமியாரிடம் சொல்லியாகிவிட்டது, செவ்வாய், வியாழன், ஞாயிறு ஏழரை.

---

பாலர்வகுப்பு

பதினேழையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். திற, மூடு, கழுவு மூன்றில் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு அதிக முறை வருபவை அவைதான்.